ஐந்தாம் படியை நாலாம் படிக்கு முன்னால் வைத்த கதை

1. ஸீரோ கேபி

அந்தத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஷாகுல் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான். டாக்குமெண்ட் கண்ட்ரோலர் அறைக் கதவை யாரும் சாத்த மாட்டார்கள். உள்ளே ரகசியம் என்று ஒன்றும் கிடையாது. ஃபைல், ஃபைல், அதற்கு மேல் இன்னொரு ஃபைல்.

"செலின் அக்கா, தராசு ரெக்கார்டு எல்லாம் போச்சு."

"எந்த ரெக்கார்டு?"

"மூணு வாரத்து ரெக்கார்டு, போன பேக்கப்புக்கு அப்புறம் போட்டதெல்லாம். இந்தப் பேக்கப்பைத் திறந்தா ஸீரோ கேபி. உள்ள ஒண்ணுமே இல்லக்கா."

"மாதாவே!" என்றேன். வேறு என்ன சொல்ல?

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ஆரோக்கிய செலின். சிம்பாங் ரெங்கத்தில் ஒரு பிஸ்கட் ஃபேக்டரியில் இருபத்தாறு வருடமாக டாக்குமெண்ட் கண்ட்ரோலர். மாவு எத்தனை நிமிஷம் பிசையவேண்டும் என்பதிலிருந்து கழிவறையை எத்தனை மணிக்குக் கழுவவேண்டும் என்பது வரை, எங்கள் ஃபேக்டரியில் எழுதிவைத்த எல்லாமே என் மேசையைத் தாண்டித்தான் போகும். படித்துப் பார்த்து, ரெவிஷன் நம்பர் போட்டு, 'கண்ட்ரோல்டு காப்பி' என்று சிவப்பு முத்திரை குத்துவேன். குத்திய பிறகு அதுதான் வேதம். ஷாகுல் எங்கள் ஐ.டி. டெக்னிஷியன். நாற்பது வயதைத் தாண்டியவன், வருடா வருடம் காண்ட்ராக்டில் இருப்பவன். அவனுடைய அண்ணன் ஃபேக்டரிக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார்.

எங்கள் தராசுகளைச் சோதித்த பதிவுகளை ஓர் இலவச மென்பொருளில் வைத்திருக்கிறோம். ஓப்பன் சோர்ஸ். பல நாட்டு ஆட்கள் சேர்ந்து தங்கள் சொந்த நேரத்தில் எழுதுவது. அதற்கு ஒரு மேனுவலும் உண்டு. பழைய வெர்ஷனிலிருந்து புதிய வெர்ஷனுக்கு மாறுவது எப்படி என்று அதில் ஏழு படிகள் கொண்ட ஒரு பக்கம். ஷாகுல் அதை வரி பிசகாமல் செய்திருக்கிறான். நான் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன்.

மூன்றாம் படி: பென்டிரைவில் பேக்கப் எடுக்கவும். நாலாம் படி: பழைய பதிவுகளை அழிக்கவும். ஐந்தாம் படி: பேக்கப் கோப்பு சரியாக இருக்கிறதா என்று திறந்து பார்க்கவும்.

இன்னொரு முறை படித்தேன். அழித்துவிட்டுப் பிறகு பார்க்கவாம்! வீட்டைப் பூட்டி, சாவியை லோங்காங் சாக்கடையில் போட்டுவிட்டு, எல்லாரும் வெளியே வந்தாயிற்றா என்று எண்ணச் சொல்கிற மாதிரி இருந்தது.

அதைவிடக் கொடுமை பக்கத்தின் வலது மூலையில் இருந்தது. சிவப்பாக, நேராக, அழகாக: கண்ட்ரோல்டு காப்பி. என் முத்திரை. நான் அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்துத்தான் குத்தியிருந்தேன். எழுத்து அளவு சரியா, பக்க எண் சரியா, தலைப்பு நடுவில் இருக்கிறதா என்று பார்த்தேன். படிகளை எண்ணிக்கூடப் பார்த்தேன், ஏழும் இருந்தன. எதற்குப் பிறகு எது வருகிறது என்று மட்டும் யோசிக்கவில்லை. எனக்கு முகமெல்லாம் சுட்டது.

2. மேனுவல் ஓக்கே, ஆள் ஓக்கே இல்ல

மிஸ்டர் லிங்கம் எங்கள் குவாலிட்டி மேனேஜர். நல்ல மனிதர். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் எல்லாருக்கும் ஒரே அளவு முறுக்கு டின் கொடுப்பவர். ஆனால் அச்சடித்த காகிதம் பொய் சொல்லாது என்று நம்புகிறவர். அதற்கு முக்கால்வாசிக் காரணம் நான்தான்.

"மேனுவல் தப்பா இருந்தா உலகம் பூரா அலறியிருப்பாங்க லா" என்றார் ஷாகுலிடம். "உனக்கு மட்டும் எப்படிப்பா போகும்? எரர் வந்திருக்கும். நீ பாக்காம யெஸ் அமுக்கிட்ட."

"எரர் வரல சார்."

"வந்திருக்கும்."

"வரல சார். பச்சைக் கலர்ல டன்னுதான் வந்துச்சு."

"ஷாகுல், கோப்பு ஸீரோ கேபி, ஆனா எரர் வரல. இத யாராச்சும் நம்புவாங்களா? மேனுவல் ஓக்கே. ஆள்தான் ஓக்கே இல்ல."

ஷாகுலுக்கு ஏற்கெனவே ஒரு வார்னிங் லெட்டர் இருந்தது. ஃபோர்க்லிஃப்ட்டின் முள்ளில் ஏறி நின்று சிசிடிவி கேமராவைத் துடைத்தான் என்று போன வருடம் கொடுத்தது. அது உண்மை, நானே கீழே நின்று துணி எடுத்துக் கொடுத்தேன். இரண்டாவது லெட்டர் வந்தால் காண்ட்ராக்டைப் புதுப்பிக்க மாட்டார்கள். ஃபேக்டரி விதி அப்படி. அந்த விதிக்கும் முத்திரை குத்தியவள் நான்தான். அன்று எங்கே திரும்பினாலும் என் முத்திரையில்தான் முட்டிக்கொண்டேன்.

"சார், அந்தப் பக்கமே தப்பு" என்றேன். "அழிச்சிட்டு அப்புறம் பாருன்னு சொல்லுது. நானும் கவனிக்காம சாப் குத்திட்டேன். லெட்டர் குடுக்கறதா இருந்தா எனக்குக் குடுங்க."

"நீங்க சொன்னா ஆச்சா, செலின்? எழுதுனவங்க சொல்லட்டும். தப்புன்னு ஒத்துக்கிட்டு அவங்க மேனுவலை மாத்தட்டும். பிளேக் அன் வைட்ல கொண்டாங்க, நான் லெட்டரை நிறுத்தறேன். இன்குவைரி அடுத்த வாரம் வியாழக்கிழமை மூணு மணிக்கு."

பத்து நாள் இருந்தது. ஒரு பக்கத்தில் இரண்டு படிகளை இடம் மாற்ற வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். எங்கள் ஃபேக்டரியில் அது அரை மணி நேர வேலை.

3. முத்திரை குத்திய பேட்ச்

அந்த ப்ராஜெக்டில் மேனுவலைத் திருத்த வேண்டும் என்றால் பேட்ச் அனுப்ப வேண்டும். ஒரு மெயிலிங் லிஸ்ட் உண்டு. அதில் அனுப்பினால் உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான பேருக்குப் போகும். எல்லார் முன்னாலும் குற்றம் குறை சொல்வார்கள், எல்லார் முன்னாலும் ஏற்றுக்கொள்வார்கள். பேட்ச் என்பது பெரிய மந்திரமில்லை. போகவேண்டிய வரிக்கு முன்னால் கழித்தல் குறி, வரவேண்டிய வரிக்கு முன்னால் கூட்டல் குறி. அதை மின்னஞ்சலில் வெறும் எழுத்தாக அனுப்ப வேண்டும். அந்தப் பக்கம் இருப்பவர் ஒரு கட்டளை கொடுத்தால் அது மேனுவலில் போய் ஒட்டிக்கொள்ளும்.

இதெல்லாம் எனக்கு இன்று தெரியும். அந்தச் செவ்வாய்க்கிழமை தெரியாது. இருபத்தாறு வருடம் கற்ற வித்தையை எல்லாம் இறக்கினேன். திருத்திய பக்கத்தை அச்சடித்தேன். மேலே ஒரு கட்டம் போட்டேன்: தயாரித்தவர், சரிபார்த்தவர், அங்கீகரித்தவர். 'ரெவ் 00' என்று எழுதினேன். நீல மையில் கையெழுத்துப் போட்டேன். பிறகு, ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும், சிவப்பு முத்திரையும் குத்தினேன். ஸ்கேன் செய்து, பிடிஎஃப் ஆக்கி, கம்பெனி மெயிலில் இணைத்து, உலகத்துக்கு அனுப்பிவைத்தேன்.

மறுநாள் காலை இரண்டு பதில்கள் வந்திருந்தன. முதலாவது யோஹான் என்பவரிடமிருந்து. அவர்தான் மேனுவலின் மெயின்டெய்னர், அதாவது எது உள்ளே போகலாம் என்று முடிவு செய்பவர். எங்கோ குளிரான ஊர்க்காரர். எழுத்தும் அப்படித்தான் இருந்தது.

'வணக்கம். முத்திரை அழகாக இருக்கிறது. ஆனால் புகைப்படத்தை மேனுவலில் ஒட்ட முடியாது. வெறும் எழுத்தாக, மெயிலுக்குள்ளேயே, பேட்ச்சாக அனுப்பவும்.'

இரண்டாவது, லிஸ்டில் இருக்கும் வேறு யாரோ ஒருவர் அனுப்பியது. எங்கள் கம்பெனி மெயிலின் அடியில் தானாகவே ஒரு பெரிய எச்சரிக்கை ஒட்டிக்கொள்ளும்: இது ரகசியமானது, உங்களுக்கு அனுப்பப்பட்டது இல்லையென்றால் உடனே அழித்துவிட்டு எங்களுக்குத் தெரிவிக்கவும். அந்தப் புண்ணியவான் எழுதியிருந்தார்: 'உங்கள் உத்தரவுப்படி மெயிலை அழித்துவிட்டேன். இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.'

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப்பார்த்தார். சிரித்து முடித்த பிறகுதான் ஒரு நாள் போய்விட்டது என்று உறைத்தது.

4. ஒரு பேட்ச், ஒரு விஷயம்

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க ஷாகுலின் அண்ணன் கடையில்தான். மூலை மேசையில் ஷாகுலின் லேப்டாப், அதற்கு இந்தப் பக்கம் மீன் கறி, அந்தப் பக்கம் பாலில்லாத தே ஓ ஐஸ் டீ. ஷாகுலுக்குக் கிட் என்ற மென்பொருள் கொஞ்சம் தெரியும். கோப்பில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று ஒவ்வொன்றையும் ஞாபகம் வைத்திருக்கும். அதைப் பார்த்தவுடன் எனக்குப் புல்லரித்துவிட்டது. இது நான் இருபத்தாறு வருடமாகச் செய்யும் வேலை! ஒரே வித்தியாசம், இது டீ குடிக்கப் போகாது.

"அக்கா, ரெண்டு வரிதான் மாத்தணும். ரெண்டே வரி" என்றான் ஷாகுல்.

கேட்டேனா? கோப்பைத் திறந்த கை சும்மா இருக்கவில்லை. ஒரு பக்கத்தில் 'பேக்கப்' என்றும் இன்னொரு பக்கத்தில் 'பேக்-அப்' என்றும் இருந்தது. தலைப்புகள் சில பெரிய எழுத்தில், சில சிறிய எழுத்தில். டாக்குமெண்ட் கண்ட்ரோலரின் கண்ணுக்கு அது கல் கிடக்கும் சோறு. நாற்பத்தொரு இடங்களில் திருத்தி, நாற்பத்திரண்டாவதாகப் படிகளையும் மாற்றி, எல்லாவற்றையும் ஒரே பேட்ச்சாகக் கட்டி, 'ரெவ் 01' என்று பெயர் வைத்து, என் சொந்த மெயிலிலிருந்து வியாழக்கிழமை அனுப்பினேன். பெருமை தாங்கவில்லை. ஒரு ரொட்டி சானாய் அதிகமாகச் சாப்பிட்டேன்.

யோஹானின் பதில்: 'இதில் முக்கியமான திருத்தம் எது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பேட்ச்சில் ஒரு விஷயம் மட்டும். ஏன் மாற்றவேண்டும் என்பதையும் எழுதவும். இன்னொன்று, பேட்ச்சின் இரண்டாம் வடிவத்தை இங்கே ரெவ் 01 என்று சொல்வதில்லை, வி2 என்போம்.'

ஷாகுல் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை போதும்.

வி3 இரண்டே வரி. வெள்ளிக்கிழமை ஷாகுல் தொழுகைக்குப் போயிருந்தபோது நானே தனியாக அனுப்பினேன். பேட்ச்சைக் காப்பி செய்து மெயிலில் ஒட்டினேன், அவ்வளவுதான். மெயில் மென்பொருள் நீளமான வரிகளை எல்லாம் நடுவில் மடக்கிப்போட்டுவிட்டது. 'ஒட்டவில்லை' என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. வார இறுதி வேறு குறுக்கே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று கேட்டால் தெரியாது. கூட்டல் குறி, கழித்தல் குறி, வியாழக்கிழமை மூணு மணி, இதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை ஷாகுல் ஒரு நல்ல பழக்கம் சொல்லிக்கொடுத்தான். இந்த வேலைக்கு வரும் எல்லாரும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். லிஸ்டுக்கு அனுப்பும் முன் பேட்ச்சை உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். வந்த மெயிலை எடுத்து, மேனுவலின் புதுப் பிரதி ஒன்றில் ஒட்டிப் பாருங்கள். உங்களுக்கே ஒட்டாதது ஊருக்கு ஒட்டாது. அனுப்புவதற்கும் மெயில் பக்கம் வேண்டாம், 'கிட் சென்ட்-இமெயில்' என்ற கட்டளையே இருக்கிறது. அது வரியை மடக்காது, அலங்கரிக்காது, எச்சரிக்கை ஒட்டாது.

எனக்கே அனுப்பினேன். வந்தது. ஒட்டினேன். ஒட்டியது! கடையில் எழுந்து நின்று கை தட்டிவிட்டேன். பக்கத்து மேசை லாரி டிரைவர் ஏதோ லாட்டரி என்று நினைத்து "தஹ்னியா, காக்" என்று மலாயில் வாழ்த்தினார். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வி4-ஐ அனுப்பினேன்.

5. பேர் வேணாம்கா

செவ்வாய்க்கிழமை காலை யோஹானின் பதிலில் முதன்முறையாகக் கொஞ்சம் வெயில் அடித்தது.

'இது சரியாக ஒட்டுகிறது. பக்கத்தில் உள்ள தவறும் புரிகிறது. இதைக் கண்டுபிடித்தவர் யார்? நீங்களா? வேறு யாராவது என்றால் ரிப்போர்ட்டட்-பை என்று அவர் பெயரைச் சேர்க்கவும். அது எங்கள் வழக்கம்.'

நான் அந்தப் பதிலை அச்சடித்த தாளைத் தூக்கிக்கொண்டு சர்வர் அறைக்கு ஓடினேன். ஓடக்கூடிய உடம்பு இல்லை, ஆனாலும் ஓடினேன்.

"தம்பி, உன் பேர் போடணுமாம்!"

ஷாகுல் முகம் சுருங்கிவிட்டது. "என் பேரா? வேணாம்கா. உங்க பேரையே போட்டுக்குங்க."

"ஏன்பா?"

"தப்புக்குப் பக்கத்துல என் பேர் எதுக்குக்கா? ஏற்கெனவே ஒரு லெட்டர்ல இருக்கு. அது போதும். நாளைக்கு லிங்கம் சார் அதையும் பிரிண்ட் எடுத்து ஃபைல்ல வெப்பாரு."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் ஃபேக்டரியில் ஒரு தவறுக்குப் பக்கத்தில் ஒருவரின் பெயர் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆகவேதான் யாரும் எதையும் சொல்வதில்லை. ஓவன் கதவு தளர்ந்திருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், புகார் பாரத்தில் எழுத ஒரு கை வராது. எழுதினால், நீதான் ஆட்டினாயா என்று கேட்பார்கள்.

நான் அவனை இழுத்து உட்காரவைத்து, அந்த ப்ராஜெக்டின் பழைய பதிவுகளைத் திறந்து காட்டினேன். ரிப்போர்ட்டட்-பை, ரிப்போர்ட்டட்-பை என்று பக்கம் பக்கமாகப் பெயர்கள். வாயில் நுழையாத பெயர்கள். ஒவ்வொருவரும் எங்கேயோ அடிபட்டு, இங்கே பள்ளம் இருக்கிறது என்று அடுத்தவனுக்குச் சொன்னவர்கள். சில இடங்களில் யோஹானே தன் பெயரைப் போட்டிருந்தார். தான் எழுதியது தப்பு என்று தானே சொல்லி, தானே திருத்தி.

"இங்க தப்பைச் சொன்னவனுக்கு நன்றி சொல்றாங்கப்பா. லெட்டர் குடுக்கறதில்ல."

ஷாகுல் வெகுநேரம் உருட்டி உருட்டிப் பார்த்தான். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"போட்டா முழுசாப் போடுங்கக்கா. ஷாகுல் ஹமீது பின் அப்துல் காதர். வாப்பா பேரும் வரட்டும்."

முழுசாகப் போட்டேன். வி5 போயிற்று. எனக்கு அப்போதே அழுகை வந்துவிட்டது. ஆனால் சந்தோஷமும் கூடவே வந்ததால் என்ன செய்வதென்று தெரியாமல் இருவரும் போய் ஆளுக்கொரு சீனிப் பிஸ்கட் சாப்பிட்டோம். பிஸ்கட் ஃபேக்டரியில் இது ஒரு வசதி.

6. மூன்றாவது ஆள்

புதன்கிழமை காலை. இன்குவைரிக்கு ஒரு நாள்தான் இருந்தது.

'நல்லது' என்று ஆரம்பித்திருந்தார் யோஹான். 'பதிவுகளை அழிப்பது பற்றிய பக்கம் என்பதால், எழுதியவரும் கண்டுபிடித்தவரும் தவிர மூன்றாவதாக ஒருவர் செய்து பார்த்திருக்க வேண்டும். பழைய பக்கத்தின்படி ஒரு முறை, புதிய பக்கத்தின்படி ஒரு முறை. அவர் டெஸ்டட்-பை என்று தன் பெயரில் மெயில் அனுப்பினால் உடனே சேர்த்துக்கொள்கிறேன்.'

அந்த மென்பொருளைத் தினமும் திறக்கும் மூன்றாவது ஆள் எங்கள் ஃபேக்டரியில் ஒருவர்தான் உண்டு. ஷாகுல் தலையில் கை வைத்துக்கொண்டான். "அலமாக். அவரா?"

அவர்தான். நான் நேராக மிஸ்டர் லிங்கத்தின் அறைக்குப் போய், நடந்ததை எல்லாம் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"அப்ப என் பேர் உலகம் பூரா போகுமா?"

"போகும் சார்."

"அப்ரூவ்டு-பைன்னு போட்டுக்கலாமே. நான் மேனேஜர்தானே?"

"அது கிடையாது சார். செஞ்சு பாத்தாதான் பேர்."

கொஞ்சம் யோசித்தார். நெஞ்சை நிமிர்த்தினார். "செஞ்சு பாத்துருவோம். அந்தப் பழைய பக்கத்தையே குடுங்க. ஒழுங்கா செஞ்சா ஒண்ணும் போகாதுன்னு நான் காட்டறேன்."

டிரெயினிங் அறையில் உபயோகத்தில் இல்லாத ஒரு கம்ப்யூட்டரில் ஷாகுல் மென்பொருளைப் போட்டுக்கொடுத்தான். அன்று உபயோகித்த அதே பென்டிரைவையும் பக்கத்தில் வைத்துவிட்டு மூலையில் போய் நின்றான். சோதனைக்குப் போலிப் பதிவுகள் ஒரு பத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். லிங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. "என் டெஸ்ட், என் ரெக்கார்டு" என்று தானே தட்டச்சு செய்ய உட்கார்ந்தார். ஆட்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்து இருபத்துநான்கு பதிவுகள். ஒவ்வொரு தராசுக்கும் பெயர், எடை, குறிப்பு. தப்பு விழுந்தால் அழித்து மறுபடி அடித்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. முடித்தபோது சட்டையின் முதுகு நனைந்திருந்தது.

நான் பழைய பக்கத்தை உரக்கப் படித்தேன். அவர் செய்தார்.

"மூன்றாம் படி. பேக்கப் எடுக்கவும்."

அமுக்கினார். திரையில் பச்சை எழுத்தில் 'டன்' என்று வந்தது. எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தார். "பாத்தீங்களா? டன். கவனமா செஞ்சா இப்படித்தான்."

"நாலாம் படி. பழைய பதிவுகளை அழிக்கவும்."

அமுக்கினார். 'நிச்சயமா' என்று கேட்டது. யெஸ் அமுக்கினார். திரை காலியாயிற்று.

"ஐந்தாம் படி. பேக்கப் கோப்பைத் திறந்து பார்க்கவும்."

திறந்தார். ஒன்றும் இல்லை. மூடிவிட்டு மறுபடி திறந்தார். பென்டிரைவைக் கழற்றி, ஊதி, மறுபடி செருகினார். கோப்பின் அளவைப் பார்த்தார். ஸீரோ கேபி. பென்டிரைவில் இடமே இல்லை, நிரம்பி வழிந்தது. பேக்கப் எழுதப்படவே இல்லை. மென்பொருள் மட்டும் கூசாமல் 'டன்' என்று சொல்லியிருந்தது.

"என் இருபத்துநாலு ரெக்கார்டு!" என்றார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. கன்னத்தைக் கடித்துக்கொண்டு அடக்கினேன். மூலையில் இருந்த ஷாகுல் சிரிக்கவில்லை. அவன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

லிங்கம் நாற்காலியை மூலைப் பக்கம் திருப்பினார்.

"ஷாகுல்."

"சார்."

"எரர் வரலயேப்பா."

"வரல சார்."

அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். எனக்கு அடக்கிவைத்திருந்த சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை.

பிறகு புதிய பக்கத்தின்படி செய்தோம். இந்த முறை இரண்டே பதிவுகள் போதும் என்றார். மூன்றாம் படியில் மறுபடி பச்சையாக டன். நாலாம் படியில், அதாவது பழைய ஐந்தாம் படியில், கோப்பைத் திறந்தார், காலி என்று தெரிந்தது. அங்கேயே நின்றார். வேறு பென்டிரைவ் போட்டு எடுத்தார். அப்புறம்தான் அழித்தார். இரண்டு பதிவுகளும் பத்திரமாகத் திரும்பி வந்தன. வந்தவுடன் "யெஸ்!" என்று மேசையில் அடித்தார். டிரெயினிங் அறையில் நாங்கள் மூன்று பேரும் ஆடாத குறைதான்.

மெயிலை அவரே எழுதினார், அதே ஒற்றை விரலில். எச்சரிக்கை ஒட்டாத என் மெயிலைத் தரவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தன் சொந்த மெயிலைத் திறந்தார். ஷாகுல் வரிகளை மட்டும் சரிபார்த்தான். ஆங்கிலத்தில் எழுதியதை இங்கே தமிழில் தருகிறேன்.

'பழைய பக்கத்தின்படி செய்தேன். என் பதிவுகள் எல்லாம் போய்விட்டன. புதிய பக்கத்தின்படி செய்தேன், எதுவும் போகவில்லை. பேக்கப் தோற்றபோது எரர் எதுவும் வரவில்லை. இதை எங்கள் டெக்னிஷியன் ஷாகுல் ஹமீது முதல் நாளே சொன்னார். அவர் சொன்னது உண்மை. நான் நம்பவில்லை.'

அதன் கீழே டெஸ்டட்-பை என்று தன் பெயர். அனுப்பும் பொத்தானை அமுக்குவதற்கு முன், "இது எல்லாருக்கும் போகுமில்ல?" என்று கேட்டார். "போகும் சார்" என்றேன். அமுக்கினார்.

வியாழக்கிழமை மூணு மணிக்கு இன்குவைரி நடக்கவில்லை. காலையிலேயே யோஹான் பேட்ச்சைச் சேர்த்துவிட்டார். தோற்ற பேக்கப்புக்கு 'டன்' என்று சொல்வது மென்பொருளின் தவறு, அதையும் சரி செய்கிறோம் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அதிலும் ரிப்போர்ட்டட்-பை ஷாகுல்தான். லிங்கம் தயாராக வைத்திருந்த இரண்டாவது லெட்டரை என் முன்னாலேயே கிழித்து, துண்டுகளை எண்ணிக் குப்பையில் போட்டார். ஷாகுலின் காண்ட்ராக்ட் மாதக் கடைசியில் புதுப்பிக்கப்பட்டது. அவன் அண்ணன் அன்று எங்கள் மேசைக்கு ஒரு முழு மீன் தலை அனுப்பினார்.

இதற்குப் பிறகு நான் இருபதுக்கு மேல் பேட்ச்கள் அனுப்பிவிட்டேன். அந்த நாற்பத்தொரு திருத்தங்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்து அனுப்பி யோஹானின் உயிரை எடுத்தேன். அதுவல்ல நான் கற்ற பாடம். இப்போது எங்கள் ஃபேக்டரியில் ஒரு எஸ்.ஓ.பி., அதாவது செய்முறைத் தாள், வந்தால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வேலை நடக்கும் லைனுக்குப் போகிறேன். முதல் படியிலிருந்து கடைசிப் படி வரை என் கையால் செய்து பார்க்கிறேன். மாவு பிசைகிற எஸ்.ஓ.பி. என்றால் மாவோடு திரும்பி வருவேன். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று: எழுதினபடி ஒருவன் செய்து, அது தப்பாகப் போய், அவன் உங்களிடம் வந்து சொன்னால், அவன் என்ன செய்தான் என்று கேட்பதற்கு முன் அதே தாளை வைத்து அவன் செய்ததை நீங்கள் செய்து பாருங்கள். முக்கால்வாசி நேரம் அவன் சொன்னது உண்மையாக இருக்கும்.